ஹாவர்ட்ஸை எங்கே நிறுத்துவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கால்பந்து பற்றி உங்கள் தளத்தில் வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஆர்சனல் ரசிகர்களுக்குள் 2023ஆம் ஆண்டிலிருந்து ஓயாமல் நடக்கும் ஒரு சண்டையில் உங்கள் கருத்தை அறிய விரும்பி இதை எழுதுகிறேன்.

காய் ஹாவர்ட்ஸ் ஜெர்மனியின் லெவர்குசன் அணியில் 19 வயதில் நடுக்களத்தில் ஆடி ஒரே பருவத்தில் 17 லீக் கோல் அடித்தவர். செல்சி அவரை முன்னால் தள்ளியது. அங்கே 139 ஆட்டங்களில் 32 கோல்தான் கிடைத்தது. ஆகவே அவருடைய இடம் நடுக்களமே என்பது என் கட்சி. என் நண்பர்களோ அவர் ஒன்பதாம் எண் இடத்தில், அதாவது நடுமுன்களத்தில்தான் நிற்க வேண்டும் என்கிறார்கள். ஒன்பதில் நிற்பவர் கோலடிக்க வேண்டாமா? தியரி ஹென்றிக்குப் பிறகு லக்காசெட், ஒபாமெயாங், ஜீசஸ், ஹாவர்ட்ஸ் என்று ஆர்சனல் முன்களத்துக்காகப் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஆனால் இன்னொரு ஹென்றி கிடைத்தபாடில்லை. இப்போது முன்கள வீரர் கியோக்கெரஸ் வந்துவிட்டார். இனியாவது ஹாவர்ட்ஸை நடுக்களத்துக்குத் திருப்பி அனுப்புவதுதானே முறை?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

இந்தச் சண்டையில் நான் உங்கள் நண்பர்கள் பக்கம். ஆனால் ஹாவர்ட்ஸ் கோல்களைக் குவிப்பார் என்று நம்பி அந்தப் பக்கம் சேரவில்லை. அவரிடம் இல்லாத திறமைகளை அணி அவரிடம் கேட்காமலும், இருக்கும் திறமைகளை நிமிடத்துக்கு நிமிடம் பயன்படுத்திக்கொண்டும் இருக்கக்கூடிய ஒரே இடம் நடுமுன்களம் என்பதுதான் என் காரணம்.

நீங்கள் சொல்லும் 2018–19 பருவத்திலிருந்தே தொடங்கலாம். 17 கோல் என்பது உண்மை. நடுக்களம் என்பது பாதி உண்மை. 2019 ஜனவரியில் லெவர்குசனின் பயிற்சியாளராக வந்த பீட்டர் போஸ், மூவர் கொண்ட நடுக்களத்தின் முன்னிருவராக ஹாவர்ட்ஸையும் யூலியான் பிராண்டையும் நிறுத்தினார். அந்த அணி பெரும்பாலான நேரம் எதிரணியின் பாதியிலேயே முகாமிட்டிருந்ததால், வரைபடத்தில் நடுக்கள வீரர்களாக இருந்த இருவரும் புல்தரையில் பெனால்டி பகுதியின் விளிம்பிலேயே நின்றார்கள். தற்காப்பிலிருந்து பந்தை வாங்குவதும், ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும், பந்தை இழந்தால் ஓடி வந்து ஓட்டையை அடைப்பதும் அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களின் பொறுப்பு. முன்னால் இருப்பவர்கள் இழுத்துச் சென்ற தற்காப்பு வீரர்களின் முதுகுக்குப் பின்னால், ஒரு கணம் தாமதமாகப் பெட்டிக்குள் நுழைவது ஹாவர்ட்ஸின் பொறுப்பு. கோல்கள் அந்தத் தாமதத்திலிருந்து வந்தவை. பெருந்தொற்று இடைவெளிக்குப் பிறகு 2020 மே மாதம் லெவர்குசன் பிரேமனுக்கு எதிராக மீண்டும் களமிறங்கியபோது ஹாவர்ட்ஸ் நடுமுன்களத்தில் ஆடினார். தலையால் முட்டியே இரண்டு கோல் அடித்தார். (அதே ஆட்டத்தில்தான் ஃப்ளோரியன் விர்ட்ஸ் என்ற 17 வயதுப் பையன் முதன்முறையாக ஜெர்மன் லீக்கில் காலெடுத்து வைத்தான். பந்தைக் காலிலிருந்து பிரிக்கவே முடியாத நடுக்கள ஆட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் அந்தப் பக்கம் பாருங்கள். ஹாவர்ட்ஸ் அந்த வகை அல்ல.)

ஆர்சனல் 2023இல் 6.5 கோடி பவுண்டு கொடுத்து அவரை வாங்கியபோது பயிற்சியாளர் மிக்கேல் அர்தேத்தாவும் ஏறத்தாழ உங்களைப் போலத்தான் யோசித்தார். கிரானிட் ஷாக்கா விட்டுச்சென்ற இடதுபுற நடுக்களத்தை அவருக்குக் கொடுத்தார். முந்தைய பருவத்தில் ஷாக்கா அந்த இடத்திலிருந்து ஏழு லீக் கோல் அடித்திருந்ததால், ஷாக்காவைவிட உயரமும் பாய்ச்சலும் உள்ள ஒருவர் இன்னும் அதிகம் அடிப்பார் என்பது கணக்கு. ஆனால் ஷாக்காவின் ஏழு கோல்களுக்குப் பின்னால் ஒவ்வொரு ஆட்டத்திலும் தற்காப்பு வீரரிடமிருந்து பாதி திரும்பிய உடலோடு பந்தை வாங்கி, நெருக்கும் எதிராளியை உடம்பால் தள்ளிவைத்து, ஓரத்தில் நிற்பவருக்குச் சரியான நேரத்தில் விடுவிக்கும் சலிப்பூட்டும் உழைப்பு இருந்தது. ஹாவர்ட்ஸ் அந்த உழைப்புக்கு அஞ்சியவர் அல்லர். அவருடைய கால்கள் அதற்கானவை அல்ல என்பதுதான் பிரச்சினை. அவருக்குப் பந்து ஒரு தொடுதலுக்கு மட்டுமே வேண்டும். மூன்று தொடுதல்கள் தேவைப்படும் இடத்தில் அவர் தயங்குகிறார், தயங்கினால் பின்னுக்குத் தட்டிவிடுகிறார். செப்டம்பர் 30 அன்று போர்ன்மவுத் ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்த முதல் கோல், மனமிரங்கிய சக வீரர்கள் விட்டுக்கொடுத்த பெனால்டி. நவம்பரில் பிரென்ட்ஃபோர்டில் மாற்று வீரராக இறங்கி, 89ஆம் நிமிடத்தில் ஓர வீரர் சாக்காவின் கிராஸைத் தூரக் கம்பத்தருகே தலையால் முட்டி ஆட்டத்தை வென்று கொடுத்தார். அந்த மாதங்களில் அவர் நடுக்களப் பெயரில் இருந்துகொண்டு செய்த நல்ல காரியங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

2024 பிப்ரவரியில் அர்தேத்தா அவரை முன்னால் நகர்த்தியதை ரசிகர்கள் ஒரு வீரருக்கான இடமாற்றமாகவே பேசுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஹாவர்ட்ஸ் காலிசெய்த இடத்தில் யார் வந்தார் என்பது. டெக்லன் ரைஸ் இடதுபுற நடுக்களத்துக்கு ஏறினார்; அவருக்குப் பின்னால் ஜோர்ஜினோ பந்தைப் பகிர்ந்து கொடுத்தார். ஒருவரை நகர்த்தியதில் மூன்று இடங்கள் சரியாயின. அந்தப் பருவத்தை ஹாவர்ட்ஸ் 13 லீக் கோல்களோடு முடித்தார். செல்சியை 5–0 என்று வீழ்த்திய ஆட்டத்தில் இரண்டு கோல் அவருடையவை. ஆர்சனல் மொத்தம் 91 லீக் கோல் அடித்து, மான்செஸ்டர் சிட்டிக்கு இரண்டு புள்ளிகள் மட்டுமே பின்தங்கியது. 13 என்பது அதிகக் கோல் அடித்தவருக்குத் தரும் தங்கக் காலணிக்கான எண் அல்ல. ஆனால் 91ஐப் பார்க்காமல் 13ஐ மட்டும் பார்ப்பவர், ஒரு நடுமுன்கள வீரர் பிறருக்காகச் செய்துகொடுப்பதைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்.

அப்படி என்ன செய்துகொடுக்கிறார்? எதிரணி நெருக்கும்போது கோல்கீப்பர் ராயா நீளமாக உதைக்கும் பந்து 193 சென்டிமீட்டர் உயரமுள்ள இவரைத் தேடித்தான் வருகிறது. இவர் தலையால் தட்டிவிடுவதை எடுத்துக்கொள்ள இருபுறமும் வேகமானவர்கள் ஓடுகிறார்கள். பந்து எதிரணியிடம் இருக்கும்போது, கோல்கீப்பருக்கும் ஒரு தற்காப்பு வீரருக்கும் இடையிலான பாதையைத் தன் ஓட்டத்தாலேயே அடைத்து, அவர்களை ஒரே பக்கமாகத் தள்ளுகிறார். பந்து தன் அணியிடம் இருக்கும்போது பின்னிறங்கி வந்து ஒரு தற்காப்பு வீரரைக் கூடவே இழுத்துவந்து, ஓடேகார்ட் திரும்புவதற்கு நான்கு அடி இடத்தை உண்டாக்குகிறார். எல்லாமே ஒரு தொடுதல் வேலைகள், அல்லது தொடுதலே இல்லாத வேலைகள்.

2021 மே 29 அன்று போர்ட்டோவில் செல்சி மான்செஸ்டர் சிட்டியோடு ஆடிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் ஒரே கோலை மறுபடி பாருங்கள். வரைபடப்படி அன்று செல்சியின் நடுமுன்கள வீரர் டிமோ வெர்னர், ஹாவர்ட்ஸ் வலப்புறம். 42ஆம் நிமிடத்தில் இடப்புறத்தில் மேசன் மவுண்டுக்குப் பந்து கிடைத்ததும் வெர்னர் நடுவிலிருந்து இடது ஓரம் நோக்கி ஓடினார், சிட்டியின் தற்காப்பு வீரர் ரூபன் டியாஸ் அவரோடு நகர்ந்தார். நடுவில் திறந்த அந்தச் சந்துக்குள் ஹாவர்ட்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். பாஸ் வந்தது, கோல்கீப்பர் எடர்சன் முன்னேறி வந்து பந்தில் கைபட்டும் தடுக்க முடியவில்லை, ஹாவர்ட்ஸ் ஆளில்லாத வலைக்குள் பந்தை உருட்டினார். சாம்பியன்ஸ் லீக்கில் அவர் அடித்த முதல் கோலே அதுதான். வெர்னரின் பெயர் கோல் பட்டியலிலும் இல்லை, பாஸ் பட்டியலிலும் இல்லை. செல்சியில் வெர்னர் வீணான பணம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு கிடையாது என்றால் காரணம் இந்த ஓட்டம் போன்ற ஓட்டங்கள்தான். ஆனாலும் லைப்சிக்கில் ஒரே பருவத்தில் 28 லீக் கோல் அடித்தவர் செல்சியின் முதல் பருவத்தில் ஆறுதான் அடித்தார் என்பதையும் மறைக்க முடியாது.

"ஒன்பதில் நிற்பவர் கோலடிக்க வேண்டாமா" என்ற உங்கள் கேள்வியை செல்சியும் கேட்டது. ஐரோப்பாவை வென்ற அந்தக் கோடையிலேயே 9.75 கோடி பவுண்டு கொடுத்து ரொமேலு லுக்காக்குவைக் கொண்டுவந்தது. இன்டர் மிலானில் இரண்டு முன்கள வீரர்கள் கொண்ட அமைப்பில், பக்கத்தில் லௌதாரோ மார்ட்டினெஸ் ஓட, முன்னால் திறந்த மைதானம் கிடக்க, 24 லீக் கோல் அடித்துப் பட்டம் வென்றவர் அவர். பயிற்சியாளர் துக்கெலின் செல்சியிலோ தனியாளாக, கூட்டமாகப் பின்வாங்கி நின்ற தற்காப்புக்கு முதுகைக் கொடுத்து நிற்க வேண்டியிருந்தது. 2022 பிப்ரவரியில் கிறிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில் 90 நிமிடங்களில் ஏழே முறை பந்தைத் தொட்டார். அதில் ஒன்று ஆட்டத்தைத் தொடங்கிவைத்த தொடுதல். அதன்பின் அந்த இடத்தில் பெரும்பாலும் ஹாவர்ட்ஸே ஆடினார். லுக்காக்குவின் லீக் கோல்கள் அந்தப் பருவத்தில் எட்டு. ஒரு வீரரை வாங்கும்போது அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடு கூடவே வருவதில்லை. பத்துக் கோடியை நெருங்கும் தொகை கொடுக்கும் நிர்வாகங்களுக்கும் இது மறந்துவிடுகிறது.

ஹென்றியைச் சொன்னீர்கள். யுவென்டஸ் அவரை ஓரத்தில் ஓடவிட்டு மூன்று லீக் கோல்களோடு கைவிட்டது, ஆர்சனலின் அன்றைய பயிற்சியாளர் வெங்கர் நடுவில் நிறுத்தி உலகத்துக்குக் காட்டினார் என்ற கதையை எல்லோரும் அறிவோம். அந்தக் கதையில் விட்டுப்போகும் இரண்டு செய்திகள் உண்டு. மொனாக்கோவில் 17 வயது ஹென்றிக்கு முதல் வாய்ப்பைக் கொடுத்தவரே வெங்கர்தான். 1999இல் முன்கள வீரர் அனெல்காவை மாட்ரிட்டுக்கு விற்ற பணத்தில் ஏறத்தாழ பாதியைக் கொடுத்து, தான் நன்கு அறிந்த ஒருவரை அவர் வாங்கினார். இன்னொன்று, நடுமுன்கள வீரர் என்று பெயர் மாறியபின்னும் ஹென்றி இடது ஓரத்தை விட்டு வெளியேறவே இல்லை. அங்கே போய் நின்று, பெர்க்காம்பும் பிரெஸும் கொடுத்த பந்தோடு உள்ளே வெட்டி நுழைந்து, தூரக் கம்பத்தை நோக்கி வலது காலால் வளைத்து அடித்தார். ஆர்சனலுக்காக அவர் அடித்த 228 கோல்களில் எத்தனையோ இந்த ஒரே அச்சில் வார்த்தவை. அவருக்கும் முதல் கோல் சவுத்தாம்ப்டனில் செப்டம்பர் நடுவில்தான் வந்தது. அதுவரை ரசிகர்கள் பேசியதும் நீங்கள் இன்று பேசுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒபாமெயாங்கை உங்கள் பட்டியலில் சேர்த்ததை நான் ஏற்கமாட்டேன். 2017 கோடையில் லக்காசெட்டையும், அடுத்த ஜனவரியிலேயே ஒபாமெயாங்கையும் வாங்கி, ஒரே இடத்துக்கு இருவரை வைத்துக்கொண்டது திட்டமிடாத செலவு என்பது சரி. ஆனால் இடது ஓரத்துக்குத் தள்ளப்பட்ட ஒபாமெயாங், 2018–19, 2019–20 ஆகிய இரண்டு பருவங்களிலும் 22 லீக் கோல் அடித்தார். 2020 எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதியிலும் இறுதியிலும் ஆர்சனல் அடித்த நான்கு கோல்களும் இடப்புறத்தில் ஆடிய அவருடையவை. நடுவில் நிறுத்தியிருந்தால் இன்னும் அடித்திருப்பார் என்று அன்று எழுதித் தள்ளியவர்கள், ஓரத்திலிருந்து ஓடிவரும் தூரம்தான் அவருடைய ஆயுதம் என்பதைக் கவனிக்கவில்லை.

ஜீசஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் பருவத்தில் அணியின் ஆட்டத்தையே மாற்றினார், 11 லீக் கோல் அடித்தார், பிறகு முழங்கால் அவரை விடவில்லை.

ஆர்சனலின் முன்களச் செலவில் குற்றம் சாட்ட வேண்டிய இடம் 2025 ஜனவரி என்பேன். அந்த மாதம் ஜீசஸ் முழங்கால் காயத்தால் பருவம் முழுவதற்கும் வெளியேறினார். வாங்கும் காலம் முடியும்வரை ஒரு முன்கள வீரரும் வரவில்லை. பிப்ரவரியில் துபாய் பயிற்சி முகாமில் ஹாவர்ட்ஸின் தொடைத்தசை கிழிந்தது. மிச்சப் பருவத்தின் பெரும்பகுதியில் நடுக்கள வீரரான மெரினோவே நடுமுன்களத்தில் ஆட வேண்டியிருந்தது. மெரினோ மரியாதையாகச் சமாளித்தார். ஆனால் முந்தைய ஆண்டின் 91 லீக் கோல்கள் 69ஆகக் குறைந்தன. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஓடேகார்டும் சாக்காவும்கூடக் காயத்தால் பல வாரங்கள் ஆடவில்லை. எனினும் ஹாவர்ட்ஸுக்குக் கொடுத்த விலை அதிகமா என்று கேட்பவர்களுக்கு, அதிகம்தான், அவருக்கு மாற்று வாங்காததால் இழந்தது அதைவிட அதிகம் என்று நான் பதில் சொல்வேன்.

கியோக்கெரஸ் வந்தது அதனால்தான் நியாயமானது. ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்காக 102 ஆட்டங்களில் 97 கோல் அடித்தவர். தற்காப்புக்குப் பின்னால் கிடக்கும் வெளியில் தோளால் இடித்துக்கொண்டு ஓடுவதே அவர் பலம். லுக்காக்குவுக்கு நேர்ந்தது இவருக்கும் நேராமலிருக்க அந்த வெளி கிடைக்க வேண்டும். முன்னேறி வந்து நெருக்கும் அணிகளுக்கு எதிராக அது கிடைக்கும். ஒன்பது பேரைப் பெட்டிக்குள் அடுக்கிவைக்கும் அணிகளுக்கு எதிராகக் கிடைக்காது, அங்கே ஒரு தொடுதலில் பந்தைத் திருப்பிக் கொடுக்கும் ஹாவர்ட்ஸ் பயன்படுவார். இருவரையும் ஒன்றாக ஆடவிட்டால் கியோக்கெரஸ் போர்ட்டோவில் வெர்னர் செய்ததைச் செய்யட்டும், ஹாவர்ட்ஸ் அவருக்குப் பின்னால் இரண்டாம் முன்கள வீரராக வலப்புறத்திலிருந்து வரட்டும். ஷாக்காவின் பழைய இடத்துக்கு மட்டும் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ரைஸ் அந்த இடத்தில் நன்றாகவே ஆடுகிறார்.