ரேஷன் அரிசியில் ஒரு வாரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகள், ரேஷனில் ஒருவருக்குக் கிடைக்கும் பொருளை மட்டும் வைத்து ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்க்கப் போவதாகச் சொல்கிறார்கள். இதனால் ஏழைகளின் கஷ்டம் புரியுமா, வெறும் வேஷமாகிவிடுமா?
– ஒரு பேராசிரியை, குன்னூர்

பதில்: இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆளுநர் டெட் குலோங்கோஸ்கி 2007-இல் அரசின் உணவு உதவித் தொகைக்கு ஈடான 21 டாலரில் ஒரு வாரம் சாப்பிட்டுக் காட்டினார். நம் நாட்டில் 2011-இல் திட்டக் குழு, நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் வறுமைக் கோடு என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னபோது, அந்தத் தொகையில் வாழ்ந்து பார்க்க முயன்ற இளைஞர்களும் உண்டு. உங்கள் மாணவிகளும் செய்யட்டும். ஆனால் அரிசியை மட்டும் அளந்துவிட்டு, கல்லூரி விடுதியின் காஸ் அடுப்பில் சமைத்தால், நம் மலையில் ஏழைக் குடும்பம் படும் பாட்டில் பாதிகூட அவர்கள் கண்ணில் படாது.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் என்கிறது. நாளைக்கு 165 கிராம். நாள் முழுதும் சரிவில் நின்று தேயிலைக் கொழுந்து பறித்தவருக்கு அது ஒன்றரை வேளைக்குக்கூடக் காணாது. அட்டைக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நால்வர் கொண்ட வீட்டில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம்தான். அந்த எட்டு கிராமை வேகவைப்பது வேறு கதை. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாமல் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாத வீட்டில் பருப்பு மசிவதற்குள் விறகு தீர்ந்துபோகும். லயன் வீடு எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் பெண்கள் பலர் வேலை முடிந்து வரும்போது, தேயிலைச் செடியில் வெட்டிக் கழித்த கவாத்துக் குச்சிகளைக் கட்டித் தலையில் சுமந்து வருவது இதற்காகத்தான். எனவே உங்கள் மாணவிகள் விறகையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, குக்கரை ஒதுக்கிவைக்க வேண்டும். எண்ணெய் தீர்ந்தால் பத்து ரூபாய்ப் பொட்டலமாகத்தான் வாங்க வேண்டும். லிட்டராக வாங்குபவரைவிடச் சில்லறையாக வாங்குபவரே அதிக விலை கொடுக்கிறார் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

ரேஷன் கடைக்கும் போய் வரட்டும். கடை திறக்கும் நாளில் வேலைக்குப் போனால் பொருள் போகும், பொருள் வாங்கப் போனால் கூலி போகும். இலை பறித்தே விரல் நுனி தேய்ந்தவருக்குச் சில சமயம் கைரேகையும் எளிதில் பதிவதில்லை. எட்டாம் நாள் வீட்டுச் சாப்பாடு உறுதி என்று தெரிந்தவருக்கு இந்தக் கவலை வராது என்பதால், அதை உணர்ந்துவிட்டதாக மாணவிகள் எழுதாதிருப்பது நல்லது. புகைப்படம் எடுப்பதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அப்படியிருந்தும் பட்டினி என்பது மிகையல்லவா?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: பட்டினி என்று நான் சொல்லவில்லை. இலவச அரிசி இந்த மலையில் எத்தனையோ உலைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். சோறு இருக்கிறது, அதோடு சேர வேண்டியவை இல்லை என்பதே இன்றைய சிக்கல். ஊட்டி அருகேயுள்ள கேத்தியில் விளையும் காரட்டும் பீன்ஸும் மேட்டுப்பாளையம் ஏலத்துக்கு லாரியேறிவிடுகின்றன. தோட்டத்தில் வேலை செய்தவர் கடையில் காசு கொடுத்துத்தான் அவற்றை வாங்குகிறார். பிள்ளைகளுக்கு 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும் 2022-இல் வந்த காலை உணவும் முட்டையும் காய்கறியும் தருகின்றன, பள்ளி திறந்திருக்கும் வரை. ஆகையால் குன்னூர் மாணவிகளுக்கு ஒரு யோசனை: இந்த ஒரு வாரத்தை மே மாதத்தில் வைத்துக்கொண்டு, நால்வர் குடும்பமாகக் கணக்கிட்டு, அதில் இரண்டு பேரைப் பள்ளிப் பிள்ளைகளாகக் கொள்ளுங்கள்.