'கேர்': கவலையா, அக்கறையா?

கேள்வி: லண்டன் அலுவலகத்தில் "டீயா, காபியா?" என்று கேட்டார்கள். "ஐ டோன்ட் கேர்" என்றேன். கேட்டவர் முகம் சுருங்கிவிட்டது. ஏன்?

பதில்: "எதுவானாலும் சரி" என்று நினைத்துச் சொன்னீர்கள். அவர் காதில் "எனக்கென்ன வந்தது" என்று விழுந்திருக்கும். அந்த இடத்தில் "ஐ டோன்ட் மைண்ட்" என்பதே மரியாதை. "ஐ டோன்ட் கேர் ஃபார் காபி" என்றால் பொருளே வேறு: காபி எனக்குப் பிடிக்காது.

கேள்வி: கவலைக்கும் அக்கறைக்கும் எப்படி ஒரே சொல் வந்தது?

பதில்: நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. 'கேர்' என்பதன் மூலச்சொல் பழைய ஆங்கிலத்தின் 'காரு'; அதற்குத் துயரம் என்று பொருள். புனித வெள்ளியை ஜெர்மானியர் 'கார்ஃப்ரைடாக்' என்கிறார்கள். அதிலுள்ள 'கார்' இந்தக் 'காரு'வுக்கு உறவுச் சொல்; அதற்குப் புலம்பல் என்று பொருள். துயரம் கவலையாகி, கவலை கவனமாகி, கவனம் பராமரிப்பாக வளர்ந்தது. ஒருவருக்காக நெஞ்சு பதைத்தால்தானே அவரைப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்!

1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், பிலிப்பியர் 4:6-இல் "பி கேர்ஃபுல் ஃபார் நத்திங்" என்று இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தை வைத்துப் படித்தால் 'எதிலும் ஜாக்கிரதை வேண்டாம்' என்று ஆகிவிடும். தமிழ் பைபிளைத் திறந்து பாருங்கள்: "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்". எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறார்கள்! ஆனால் 'க்யூர்', 'செக்யூர்' போன்றவை இந்தக் குடும்பம் அல்ல. அவை 'கூரா' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தவை.

கேள்வி: "ஹி க்ரூ அப் இன் கேர்" என்பதை எப்படி மொழிபெயர்ப்பது?

பதில்: 'அக்கறையோடு வளர்க்கப்பட்டான்' என்று ஒரு கையெழுத்துப் பிரதியில் பார்த்து மனம் நொந்தேன். பெற்றோரிடம் வளர முடியாமல், உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பில் காப்பகத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ வளர்ந்த பிள்ளையைத்தான் பிரிட்டனில் இப்படிச் சொல்வார்கள். அந்தப் பையனின் வலி முழுவதும் 'இன்' என்ற சிறு சொல்லில் இருக்கிறது. 'அரசுப் பராமரிப்பில் வளர்ந்தான்' என்று எழுதுங்கள்.

கேள்வி: முகவரியில் 'கேர் ஆஃப்' என்பதற்குத் தமிழ் உண்டா?

பதில்: உண்டு, 'மே/பா'. மேற்பார்வை என்பதன் சுருக்கம். நான் விடுதியில் தங்கிப் படித்தபோது அம்மா அனுப்பிய ஒவ்வோர் உறையிலும் என் பெயருக்குக் கீழே அது இருக்கும், அதையடுத்து விடுதிக் காப்பாளர் பெயர். பெறுபவர் பெயரை முதலிலும் பொறுப்பாளர் பெயரை அடுத்த வரியிலும் எழுதுங்கள்; மாற்றி எழுதினால் கடிதம் பொறுப்பாளருக்கே போய்விடும்.