வரலாற்று வாத்தியாரிடம் கேளுங்கள்: சுங்கை சிப்புட்

முப்பத்தொரு வருடம் மலேசியாவின் பேராக் மாநிலத்து இந்த ஊர் இடைநிலைப்பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். எஸ்.பி.எம். (படிவம் ஐந்தின் இறுதித் தேர்வு) ஊகக் கேள்விக்கு மட்டும் பதில் கிடையாது.

கேள்வி (புது ஆசிரியை): சார், படிவம் நான்கில் மூன்று இனப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவசரகாலப் பாடம் வந்தாலே வகுப்பு இறுகிவிடுகிறது.

இறுகத்தான் செய்யும்மா, நம்ம ஊர்க் கதையாச்சே. 1948 ஜூன் 16 அன்று எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்திலும் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலமே வந்தது. மலாய்ப் பிள்ளையின் தாத்தா சிறப்புக் காவலராக இருந்திருக்கலாம், சீனப் பிள்ளையின் பாட்டியை வீட்டோடு பெயர்த்து முள்வேலி போட்ட புதுக்கிராமத்தில் வைத்திருக்கலாம், நம் பிள்ளையின் தாத்தா தோட்டத்து லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) வேலிக்குள் இருந்துகொண்டு அளந்து கொடுத்த அரிசியைத் தின்றிருக்கலாம், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்றுதானே அந்த அளவு. யார் எந்தப் பக்கம் என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். அப்போது உங்கள் வீட்டுக்கு அரிசி எப்படி வந்தது என்று கேட்டுவரச் சொல்லுங்கள், மூன்று வீட்டிலும் பதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த கதையை மட்டும் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: ருக்குன் நெகாராவை (தேசியக் கோட்பாடு) மனப்பாடம் செய்ய வைப்பது எப்படி?

ஐந்து வரிதானே. 1969 மே 13 இனக் கலவரத்தைச் சொல்லிவிட்டு 1970-க்கு வாருங்கள், தானாக நிற்கும்.

கேள்வி: தாத்தா இங்கேதான் பிறந்தார், ஆனால் சிவப்பு ஐசி (குடிமகன் அல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை). பையன் ஏன் என்று கேட்கிறான்.

நல்ல பையன். 1957 சுதந்திர நாளிலிருந்து 1962 செப்டம்பர் வரை இங்கே பிறந்தவர்களுக்குப் பிறப்பே போதும். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. முதல் ஒரு வருடம் மலாய் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. பெரட்டுக்கும் (தோட்டத்துக் காலை ஆள்கணக்கு) பால்மரத்துக்கும் நடுவில் எத்தனை பேருக்கு அந்தச் சேதி போய்ச் சேர்ந்தது? தாத்தா விஷயத்துக்குத் தேசியப் பதிவுத் துறைக்குப் போங்கள், என்னால் ஆகாது.

கேள்வி: இந்த வருடம் எஸ்.பி.எம்.மில் என்ன வரும்?

மேலே படிக்கவும்.

கேள்வி: ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த சம்பந்தனைச் சொல்கிறோம், கணபதியை ஏன் சொல்வதில்லை?

சொல்லலாமே. எஸ்.ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவர், துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.

குறுக்கே ஒருவர்: பயங்கரவாதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவீர்களா? என் அப்பாவின் சித்தப்பாவைக் காட்டிலிருந்து வந்தவர்கள்தான் வெட்டினார்கள்.

கணபதியைக் கேட்டவர்: அவர் தியாகி. வாட்ஸ்அப்பில்கூட வந்ததே...

வாட்ஸ்அப்பா! காலையிலிருந்து கத்துகிறேன். ஐயா, தியாகி, பயங்கரவாதி இரண்டும் தீர்ப்பு. வழக்கு என்ன, சட்டம் யாருடையது, நேரு ஏன் உயிர்ப்பிச்சை கேட்டார் என்று வகுப்பில் அடுக்குங்கள், தீர்ப்பைப் பிள்ளைகள் எழுதட்டும். சித்தப்பா கதையும் அதே வகுப்பில் வர வேண்டும். அதை மறைத்துவிட்டுக் கணபதியை மட்டும் சொன்னால் நானே எதிர்ப்பேன்.

கேள்வி: சார், எஸ்.பி.எம். தலைப்பு ஒன்றாவது...

2013-லிருந்து வரலாற்றில் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. எல்லாத் தலைப்பும் படி, தம்பி.

புது ஆசிரியை: சார், இப்போதே அம்மாச்சியைக் கேட்டேன். பால் வெட்டப் போகும்போது கேட்டில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்களாம், சோறு கொண்டுபோக விடமாட்டார்களாம்.

எந்தத் தோட்டம், எந்த வருடம் என்றும் கேட்டு எழுதி வையுங்கள்மா.