பழியை நியூட்டன் தலையில் போடலாமா?

கேள்வி: "ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு. நமது அரசியலை விளங்கிக்கொள்ள நியூட்டனின் இந்த ஒரு விதியே போதும் என்று என் உயர்தர வகுப்பில் சொல்லுவேன். 2005 இல் பஸ் நிலையத்தடியில் இரவோடிரவாகப் புத்தர் சிலை வைத்தார்கள், உடனே தமிழர் பக்கத்திலிருந்து கதவடைப்பு வந்தது. 83 உம் அப்படித்தான். எந்தப் பக்கத்தையும் திட்டாமல் விஞ்ஞானபூர்வமாகப் பார்க்க இது நல்ல வழியல்லவா?"
— பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: "83 உம் அப்படித்தான்" என்று இரண்டு சொல்லில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், சேர். அங்கேயே கொஞ்சம் நிற்போம்.

1983 யூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு கொழும்பு பொரளையில் தமிழரின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் தீ வைக்கத் தொடங்கினார்கள். அரசாங்கம் அன்று கொடுத்த விளக்கமும் நீங்கள் வகுப்பில் கொடுப்பதும் ஒன்றுதான்: அங்கே அடி விழுந்தது, இங்கே மக்கள் கொதித்தெழுந்தார்கள். 28 ஆம் திகதி தொலைக்காட்சியில் தோன்றிய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன, வீடிழந்து முகாம்களில் கிடந்தவர்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. சிங்கள மக்களின் உணர்வைப் பற்றித்தான் பேசினார். சரி, மறுதாக்கம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உங்கள் திருகோணமலையில் தமிழர் மீது தாக்குதல் தொடங்கியது யூன் மாதத்தில். திருநெல்வேலிச் சம்பவத்துக்கு எத்தனையோ நாள் முந்தி! தாக்கம் வருவதற்கு முன்னாலேயே வந்து நிற்கும் மறுதாக்கம் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடின. அந்தப் பட்டியலை யாரோ எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். எந்தப் பெயர் தமிழ்ப் பெயர் என்று யாரோ விரல் வைத்துக் காட்டியிருக்க வேண்டும். விசைக்கு வாசிக்கத் தெரியாது, சேர்.

யாரையும் திட்டாமல் பார்க்கலாம் என்பதை இந்த விதியின் சிறப்பாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. 1984 இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டதை அடுத்துத் தில்லியில் சீக்கியர்களைக் கொன்று குவித்த பிறகு, பெரிய மரம் விழுந்தால் நிலம் அதிரத்தான் செய்யும் என்றார் ராஜீவ் காந்தி. மரமும் நிலமும் வந்துவிட்டன. மண்ணெண்ணெய்யோடு வந்தவன் காணாமல் போய்விட்டான்.

விதியையே எடுத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. தாக்கமும் மறுதாக்கமும் ஒரே கணத்தில், வெவ்வேறு பொருள்கள் மீது, சம அளவில் நிகழ வேண்டும் என்பது எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். கதவடைப்பில் பூட்டிக் கிடந்தது சிலை வைத்தவரின் கடையா? அது தானாக வந்ததும் அல்ல. கூடிப் பேசி எடுத்த முடிவு. நல்ல முடிவா, கையைச் சுட்டுக்கொண்ட முடிவா என்று இன்றைக்கும் வாதாடலாம். மறுதாக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் வாதாட ஒன்றும் மிஞ்சாது.

நம் தமிழர் பக்கத்துக்கும் இந்தச் சாட்டு வசதியாகத்தான் இருந்தது. 2006 யூலையில் வயல்களுக்குத் தண்ணீர் விடும் மாவிலாற்று மதகைப் புலிகள் மூடினார்கள். அதற்கும் ஒரு காரணம் சொன்னார்கள். அதைத் திறக்கப் போன படைக்கும் ஒரு காரணம் இருந்தது. ஓகஸ்டில் சண்டை மூதூருக்குள் வந்தது. முஸ்லிம் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு ஓடியது. அவர்கள் செய்த தாக்கம் எது? அதே மூதூரில் தொண்டு நிறுவன ஊழியர்கள் 17 பேரைச் சுட்டுக் கொன்றார்களே, அவர்கள் என்ன செய்தார்கள்? 2012 குடிசனக் கணக்கெடுப்பில் உங்கள் மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 சதவீதம், தமிழர் 30 சொச்சம், சிங்களவர் 27 அளவில். இரண்டு பொருள்களை மட்டும் வைத்துப் படம் கீறினால், மாவட்டத்தின் மிகப் பெரிய சமூகமே படத்துக்கு வெளியில் நிற்கும்.

அதற்காகப் பௌதிகமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எனக்குப் பிடித்தது காந்தப் பாடம். இரும்புத் துண்டில் கம்பியைச் சுற்றி மின்னோட்டம் விடுகிறோம், அப்புறம் நிறுத்துகிறோம். காந்தம் முழுக்கப் போவதில்லை, கொஞ்சம் தங்கிவிடுகிறது. அதைப் போக்க எதிர்த்திசையில் மின்னோட்டம் கொடுக்க வேண்டும். மூதூருக்குப் பக்கத்திலுள்ள சம்பூரைப் பாருங்கள். 2006 இல் சனம் இடம்பெயர்ந்தது. போர் 2009 இல் முடிந்தது. காணியோ கடற்படை முகாமுக்கும் அனல் மின்நிலையத் திட்டத்துக்கும் என்று அடைபட்டே கிடந்தது. கிளிவெட்டி முகாம் கொட்டில்களில் வருடக் கணக்காக இருந்து, மனுக் கொடுத்து, மறியல் செய்து, 2015, 2016 இல்தான் பலர் தங்கள் வளவுக்குள் கால் வைத்தார்கள். 'போர் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன குறை' என்று கேட்பவருக்கு இந்த உவமை உதவும். காரணம் நின்ற பிறகு என்ன மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு, யார் கையில் என்று தேட வைக்கிறது. மாவட்டச் செயலகமான கச்சேரியில் போய்க் காணி உறுதியை வைத்துச் சரிபார்க்கவும் முடியும்.

ஆனால் இதையும் சம்பூர் ஆட்களிடம் கவனமாகத்தான் சொல்ல வேண்டும். "அது சரி தம்பி, கரண்டைப் போட்டது ஆர்?" என்று கேட்பார்கள்.