கைக்குழந்தையோடு தீம் பார்க்: எந்த டிக்கெட் வாங்கலாம்?

கேள்வி: மகனுக்கு இரண்டே முக்கால் வயது, மகளுக்குப் பத்து மாதம். நான்கு மாதம் கழித்து ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போக நினைக்கிறோம். ஐந்து நாள் டிக்கெட்டும், நீண்ட வரிசையைத் தாண்டிப் போகவிடும் எக்ஸ்பிரஸ் பாஸும் சேர்ந்த பேக்கேஜுக்கு நல்ல தள்ளுபடி தருகிறார்கள். நாளை மறுநாளோடு சலுகை முடிகிறதாம். வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் மகனைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்கவைத்து உயரத்தை அளந்து பாருங்கள். மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் 95 செ.மீ.யை ஒட்டித்தான் இருப்பார்கள். ஒர்லாண்டோ டிஸ்னியில் ஏழு குள்ளர்கள் சுரங்க ரயிலில் ஏற 97 செ.மீ. வேண்டும், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 செ.மீ. வேண்டும். எக்ஸ்பிரஸ் பாஸ் அதிகம் கைகொடுப்பது இந்த மாதிரி ரைடுகளின் நீண்ட வரிசையில்தான். ஏறவே முடியாத ரைடுக்கு எதற்குக் காசு கொடுத்து வரிசையைத் தாண்ட வேண்டும்?

உயரக் கட்டுப்பாடு இல்லாத ரைடுகளும் நிறைய உண்டு. குதிரை ராட்டினம், படகு, டம்போ யானை போன்றவை. பார்க் திறந்தவுடன் உள்ளே போய்விட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் அவற்றில் சிலவற்றை முடித்துவிடலாம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் காலை ஐந்தரைக்கே எல்லோரும் எழுந்துவிடுகிறோமே, அது இங்கே உதவும்.

பெரிய ரைடில் ஏற உங்களுக்கும் ஆசை இருக்கும். அதற்குப் பாஸ் வேண்டியதில்லை. ஒருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் போய்விட்டு வரலாம். அப்புறம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் முழு வரிசையில் மறுபடி நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். டிஸ்னியில் இதை ரைடர் ஸ்விட்ச் என்பார்கள், யுனிவர்சலில் சைல்டு ஸ்வாப். இதற்குக் கட்டணம் கிடையாது. ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் நீங்களாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது வயது. புக் செய்யும் நாளில் அல்ல, உள்ளே நுழையும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. நான்கு மாதம் கழித்து என்றால் உங்கள் மகனுக்கு மூன்று முடிந்திருக்கும். ஒர்லாண்டோவிலும் பாரிஸிலும் டிஸ்னியில் மூன்று வயது ஆகாதவர்களுக்குத்தான் இலவசம். டோக்கியோ டிஸ்னியிலும் சிங்கப்பூர் யுனிவர்சலிலும் நான்கு வயது ஆகும்வரை டிக்கெட் வேண்டாம். எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்து, பயணத்தை இரண்டு மாதம் முன்னால் இழுத்தால் ஒரு டிக்கெட் மிச்சமாகலாம். விமானத்தில் மகளுக்கு இரண்டு வயது வரை மடியில் இடம் உண்டு, அங்கே பிரச்சினை இல்லை.

ஐந்து நாள் என்பதுதான் என்னை யோசிக்கவைக்கிறது. என் மகளுக்கு இரண்டரை வயதில் தொடர்ந்து மூன்று நாள் டிக்கெட் வாங்கினோம். இரண்டாம் நாள் மதியம், ஆள் உயரத்துக்கு மேல் நின்ற கரடி பொம்மை கை நீட்டியதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவள், அறைக்கு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை. தூக்கம் கலைந்த குழந்தை வேறு என்ன செய்யும்? மூன்றாம் நாள் டிக்கெட் பையிலேயே கிடந்தது. அவள் அன்று முழுக்க ஓட்டல் நீச்சல் குளத்தின் படியில் உட்கார்ந்து கோப்பையில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள், அவ்வளவு சந்தோஷம்! இரண்டு நாள் டிக்கெட், நடுவில் ஒரு நாள் ஓய்வு, இது போதும். மிஞ்சும் பணத்தில் வாசலுக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள். மதியம் போய்த் தூங்கிவிட்டு மாலையில் திரும்ப முடியும்.

கேள்வி: ஸ்ட்ரோலரை இங்கிருந்து கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?

பதில்: கொண்டுபோங்கள். பார்க்கில் வாடகைக்குத் தருவது பெரும்பாலும் கெட்டிப் பிளாஸ்டிக் இருக்கை, சாயாது. பத்து மாதக் குழந்தை அதில் தூங்குவது கஷ்டம். வாசலைத் தாண்டி வெளியே எடுத்துப்போகவும் பொதுவாக விடமாட்டார்கள். இரட்டை ஸ்ட்ரோலர் என்றால் அகலத்தைப் பாருங்கள்: அமெரிக்க டிஸ்னி பார்க்குகளில் 79 செ.மீ. அகலம், 132 செ.மீ. நீளத்துக்கு மேல் அனுமதி இல்லை. இழுத்துப்போகும் வேகன் வண்டிகளை 2019 முதல் உள்ளே விடுவதில்லை.

கேள்வி: கிளம்பும் நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: தேதி போட்ட டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பணம் திரும்ப வராது. தேதி மாற்ற விடுவார்களா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதைப் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள். தள்ளுபடி பேக்கேஜில் இந்த விதி இன்னும் கடுமையாக இருக்கலாம். உங்களுக்கு வந்த சலுகையில் அந்தப் பகுதியை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் சலுகை முடியட்டும், விட்டுவிடுங்கள். அறையையாவது கடைசி நேரம்வரை ரத்து செய்யும் வசதியோடு, கொஞ்சம் கூடுதல் விலை ஆனாலும் சரி, எடுத்துவையுங்கள்.