ஆல்பத்துக்கு ரசிகர்களிடம் பணம் திரட்டலாமா?

கேள்வி: கோவையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இசைக்குழு நடத்துகிறோம். சொந்தப் பாடல்கள் ஐந்தைப் பதிவு செய்து வெளியிட 3 லட்சம் ரூபாய் ஆகும். இன்ஸ்டாகிராமில் 9,000 பேர் பின்தொடர்கிறார்கள். டிக்கெட் வைத்தால் 150 பேர் வரை வருவார்கள். ரசிகர்களிடமே பணம் திரட்ட முடியுமா?

முடியும். ஆனால் 9,000 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். லைக் போடுபவர் வேறு, காசு கொடுப்பவர் வேறு. டிக்கெட் எடுத்து வந்த அந்த 150 பேரை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆளுக்கு 700 ரூபாய் கொடுத்தாலும் 1,05,000 ரூபாய்தான் வரும். அதனால் முதலில் இரண்டு பாடல்களுக்கு மட்டும் கேளுங்கள். சொன்ன தேதியில் அவை வெளிவந்துவிட்டால், மீதி மூன்றுக்குக் கேட்பது சுலபம்.

நன்கொடை என்ற சொல்லே வேண்டாம். வரப்போகிற பாட்டை முன்கூட்டியே விற்கிறீர்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தின் மரிலியன் ராக் குழு அமெரிக்கா வரக் காசில்லாமல் இருந்தபோது, 1997-இல் அங்கிருந்த ரசிகர்களே இணையம் வழியாக சுமார் 60,000 டாலர் திரட்டினார்கள். அந்தத் தெம்பில் குழு, 2001-இல் வந்த தன் ஆல்பத்தைப் பதிவு செய்யும் முன்பே முன்பதிவுக்கு விட்டது. 12,000-க்கும் மேற்பட்டோர் பணம் கட்டினார்கள். 2012-இல் அமெரிக்கப் பாடகி அமண்டா பாமர், மக்களிடம் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் கிட்டத்தட்ட 12 லட்சம் டாலர் திரட்டினார். தொகை மலைக்க வைக்கிறது, சரி. ஆனால் கொடுத்தவர்கள் 25,000-க்கும் சற்றுக் குறைவு, ஆளுக்குச் சராசரியாக 48 டாலர். குறைவான பேர், கொஞ்சம் கூடுதலான தொகை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

பணம் கட்டியவருக்கு என்ன தருவது? இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். 800 ரூபாய்க்கு டி-ஷர்ட் என்று அறிவிப்பீர்கள். துணிக்கும் பிரிண்டுக்கும் 350, கூரியருக்கும் கவருக்கும் 100 என்று வைத்தால், பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். அளவு சரியில்லை என்று திரும்பி வருவது தனி. அதைவிட, மொட்டை மாடி ஒத்திகையில் போனில் பதிந்த முதல் வடிவத்தை அனுப்புங்கள். பாடல் எழுதிய தாளை, அடித்துத் திருத்திய வரிகளோடு அப்படியே கையெழுத்திட்டுக் கொடுங்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டுகிற ரசிகர் இருக்கிறார். வசதியுள்ள நான்கைந்து பேருக்கு வீட்டுக் கச்சேரி, ஒன்றுக்கு 15,000 ரூபாய் என்று வையுங்கள். முப்பது பேர் கூடத்தில் உட்கார்ந்து கேட்பார்கள், மைக்கூடத் தேவைப்படாது. ஐந்து வீடு என்றால் 75,000 ரூபாய்.

கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து நேரடியாகத் திட்டம் தொடங்க வசதியில்லை. ஆனால் அதன் விதியை எடுத்துக்கொள்ளுங்கள்: குறித்த நாளுக்குள் இலக்கு எட்டவில்லை என்றால் யாரிடமும் பணம் எடுக்கப்படாது. நீங்கள் யுபிஐ வழியாக வாங்கினால், இலக்கு எட்டாவிட்டால் திருப்பித் தருவோம் என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். இதற்கென்றே தனி வங்கிக் கணக்கு வையுங்கள். இப்படிப் பணம் திரட்டும் தளம் ஏதாவது வழியாகப் போனால், பணம் எப்போது கைக்கு வரும் என்று முதலில் கேளுங்கள். இசைக்கலைஞர்களுக்காகப் பணம் திரட்டிய பிரிட்டனின் பிளெட்ஜ்மியூசிக் தளம் 2019-இல் நொடித்தபோது, ரசிகர்கள் கட்டிய பணம் பல கலைஞர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை.

அப்புறம், வரி. முன்பதிவுப் பணம் உங்கள் வருமானம். அன்பளிப்பு என்று எழுதித் தப்பிக்கவும் முடியாது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரிக் கணக்கு உண்டு. ஆடிட்டரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

பொதுவில் அறிவிக்கும் முன் முப்பது பேருக்கு நீங்களே போன் போடுங்கள். ஃபார்வர்டு மெசேஜ் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர்களில் பத்துப் பேர் அன்றைக்கே பணம் போட்டால், மறுநாள் தைரியமாகப் பதிவு போடலாம். யாரும் போடவில்லை என்றால் தேதியைத் தள்ளி வைத்து, இன்னும் இரண்டு கச்சேரி நடத்திவிட்டு வாருங்கள்.