ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நன்றியுரையைப் படியுங்கள்

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். அப்பா ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்க்கிறார். ஆலையில் மிஞ்சும் மரவள்ளிக் கிழங்குச் சக்கையான திப்பியிலிருந்து மக்கும் பிளாஸ்டிக் படலம் செய்வது பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி வந்திருக்கிறது. சேலத்தில் ஒரு பேராசிரியர் போனிலேயே “வந்து சேர்ந்துக்கோம்மா” என்றுவிட்டார். சென்னையில் பெரிய ஆய்வகம் ஒன்றுக்கு எழுதினேன், பதில் இல்லை. எதில் சேரலாம்?

பதில்: போனிலேயே சம்மதம் கிடைத்தது சந்தோஷம். ஆனாலும் இன்றைக்கே தலையாட்டிவிடாதீர்கள். அந்த ஆய்வகத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்து வெளியே வந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

அதற்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளம் இருக்கிறது, காசு செலவில்லை. நெறியாளர் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். எல்லோரும் ஆய்வுச்சுருக்கத்தைப் படிப்பார்கள். நீங்கள் நன்றியுரைப் பக்கத்தைத் திறங்கள். எந்தக் கருவிக்காக எந்த ஊர் நிறுவனத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள் என்பதில் அந்த ஆய்வகத்தின் நிலவரம் முழுக்கத் தெரிந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை வெளியில் எடுப்பது சகஜம், அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் தலைப்புக்கு, படலத்தை இழுத்து அதன் உறுதியை அளக்கும் இழுவிசைச் சோதனை அன்றாடம் தேவைப்படும். மாவுச்சத்துப் படலம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாள் ஆக ஆக விறைக்கவும் செய்யும். திங்கள் வார்த்த படலத்தை கூரியரில் அனுப்பி வெள்ளிக்கிழமை இழுத்துப் பார்த்தால் வருவது வேறு பொருளின் எண். அந்தக் கருவியும் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சரி, இருக்கிறது என்று சொல்வார்கள். போய்ப் பாருங்கள். நான் சேர்ந்த இடத்திலும் எல்லாம் இருப்பதாகத்தான் சொன்னார்கள். உறை போட்டு மூடிய கருவிக்குப் பக்கத்தில் ஒரு பதிவேடு. அதில் கடைசிக் கையெழுத்து பதினான்கு மாதத்துக்கு முந்தியது. சேர்ந்த பிறகுதான் அதைப் புரட்டினேன். இரண்டு வருஷம் போனது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: விழா நாளில் போகாமல் சாதாரண வேலை நாளில் போய், அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அப்புறம் மூன்றாம் வருஷ ஸ்காலர் ஒருவரோடு டீ குடியுங்கள். “எழுதிக் கொடுத்த கட்டுரை எத்தனை நாளில் திருத்தி வந்தது?” என்று கேட்டால் போதும், மீதியை அவரே சொல்வார்.

விதிகளையும் பார்த்துவிடுங்கள். யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் வழிகாட்டலாம். ஓய்வுக்கு 3 வருஷத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. இதைச் சேலம் பேராசிரியரிடம் நேராகவே கேட்கலாம், மரியாதைக் குறைவில்லை.

பணம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கியவருக்கு மாதம் 37,000 ரூபாய். உங்கள் தகுதிக்கு அந்த உதவித்தொகை கிடையாது. எனவே அவரிடம் நிதியுள்ள புராஜெக்ட் இருக்கிறதா, அதில் உங்களுக்கு இடமுண்டா என்று சேருமுன் கேளுங்கள். உங்கள் நெட் மதிப்பெண் சேர்க்கைக்கு 1 வருஷம்தான் செல்லும். ரொம்பவும் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

சென்னைக்கு இன்னொரு முறை எழுதுங்கள், பத்து வரிக்குள். அங்குள்ள பேராசிரியரின் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியோடு. சேலத்திலேயே சேர்ந்தாலும் வெளியிலிருந்து இணை நெறியாளர் வைத்துக்கொள்ளலாம். மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் விசாரியுங்கள்.

பேராசிரியரைப் பார்க்கப் போகும்போது அப்பாவின் ஆலைக் களத்தில் காய்ந்த திப்பி அரைக் கிலோ எடுத்துப் போங்கள். அதைக் கையில் வாங்கி அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள்.